தலைமாடு எந்தப் பக்கம்

தலைமாடு எந்தப் பக்கம்னு என்ட்டயா கேக்கிய? என்ட்ட கேட்டா கிழக்கன்னு சொல்லுவேன். எங்க வீட்டுக்காரவியட்ட கேட்டா மேக்கன்னு சொல்லுவாவ. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் தம்பி போன ஆடியில இருந்து இந்த வீட்டுல சண்டை. உக்காருங்க. கல்லு வண்டியிலயே கிடக்கட்டும், அதுக்குக் கால் முளைச்சு எங்க ஓடப் போவுது. இந்த வெயிலுல மயிலாடியில இருந்து வந்திருக்கிய, ஒரு வாய் மோர் குடிங்க. அவிய கல்லறைத் தோட்டத்துலதான் நிக்காவ. விடிஞ்சதும் மண்வெட்டியத் தூக்கிட்டுப் போயாச்சு. நிக்கட்டும். ஒண்ணும் கரைஞ்சு போயிர மாட்டாவ.

பேரு என்ன சொன்னிய, தாணுலிங்கமா? நல்ல பேரு. சிலுவை கொத்துத கையா இருந்தாலும் எங்க வழக்கம் உங்களுக்கு முழுசாத் தெரியாதுல்லா. சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. கேட்டுட்டு நான் சொல்லுத பக்கம் சிலுவையை நட்டுட்டுப் போங்க. நான் யாரையும் குறை சொல்லல. உள்ளதைச் சொல்லுதேன்.

எங்க ஆளுவளைப் புதைக்கும்போது தலை மேக்க, கால் கிழக்க. ஏன்னா, கடைசி நாளுல எக்காளம் ஊதும்போது ஆண்டவர் கிழக்க இருந்து வருவாரு. மண்ணுக்குள்ள படுத்திருக்கவன் எழும்பி உக்காந்தா நேரா அவரு முகம் தெரியணும். கட்டில்ல எழும்பி உக்காந்தா வாசல் தெரியுதுல்லா, அந்த மாதிரி. மாத்தி வைக்கது ஐயமாரை மட்டும். நாங்க பாஸ்டரை ஐயர்னுதான் சொல்லுவோம், வேற ஒண்ணும் நெனைச்சுக்கிடாதிய. எழும்பும்போது சபையைப் பாத்து எழும்பணும்னு பழைய ஐயர் ஒருத்தரை எங்க தோட்டத்துல அப்படி வச்சிருக்கு. மத்தபடி எல்லாரும் கிழக்க பாத்துத்தான் கிடக்காவ. எங்க மாமியா உட்பட. உசுரோட இருந்தப்ப எந்தப் பக்கம் உக்காரச் சொன்னாலும் மூஞ்சியத் திருப்பிக்கிடுவா, இப்ப ஒழுங்காக் கிழக்க பாத்துக் கிடக்கா.

எம்பிள்ளை பேரு கிதியோன். ஒத்தைப் பிள்ளை. அதுவும் கலியாணம் ஆகி நெடுநாள் கழிச்சுப் பிறந்தவன். அவன் அப்பாவுக்குச் சைக்கிள் கடை, கடைக்குள்ளயே வளந்தான். அஞ்சு வயசுலயே பஞ்சர் ஒட்டுவான். ஆனா தம்பி, திசை மட்டும் அவனுக்குத் தெரியாது. வடக்க போடான்னா தெக்க போவான். காலேஜுல சேத்த புதுசுல ஒரு நாள் ஊருக்கு வாரேன்னு சொல்லிட்டுச் சாத்தான்குளம் பஸ்ஸுன்னு நெனச்சு நாங்குநேரி பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டான். உக்காந்தவன் தூங்கிட்டான். அங்க இறங்கிட்டு எனக்குப் போன் பண்ணி, எம்மா, நம்ம ஊரை எங்கம்மா காணோம்ங்கான். அப்படிப்பட்டவனைத்தான் ஏசி மெக்கானிக் வேலைக்கு சவூதிக்கு அனுப்பினோம். அங்கன எல்லாப் பக்கமும் மணலு. எது கிழக்கு எது மேக்குன்னு அவனுக்கு என்ன தெரியும்.

போன வருசம் வைகாசியில மாடியில ஏசி மாட்டும்போது விழுந்துட்டான்.

அவ்வளவுதான் சொன்னாவ. விழுந்துட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகுத வழியில போயிட்டான். இவியதான் போனை எடுத்தாவ. எடுத்து, சரி, சரி, சரின்னு மட்டும் சொன்னாவ. பெத்த பிள்ளை செத்துட்டான்னு ஒருத்தன் சொல்லுதான், சரி சரின்னு கேட்டுக்கிட்டு இருக்காவ, உளுந்தம்பருப்பு விலை கேக்க மாதிரி. நான் குறை சொல்லல. அவிய சுபாவம் அது. கலியாணம் ஆன நாளுல இருந்தே பேச்சு கிடையாது. நாலு வார்த்தை பேசினா நாலு பல்லு விழுந்துருமோன்னு பயம்.

பேப்பர் எல்லாம் சரியாகி பெட்டி வந்து சேர ஆடி பிறந்துட்டு. இவியதான் ஆம்புலன்ஸ் பிடிச்சுத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போனாவ. நானும் வாரேன்னேன். நீ இங்கன இருன்னுட்டாவ. சொந்தக்காரன் ரெண்டு பேரு கூட வாரோம்னானுவ, அவனுவளையும் வேண்டாம்னுட்டாவ. ஒத்தையாப் போயி ஒத்தையாக் கூட்டிட்டு வந்தாவ.

பெட்டி எப்படி இருந்துதுன்னு உங்களுக்குத் தெரியும், அந்த நாட்டுப் பெட்டி நீங்களும் பாத்திருப்பிய. நம்ம ஊருப் பெட்டின்னா தோள் பக்கம் அகலம், கால் பக்கம் குறுக்கம், குருடன் தடவிப் பாத்தாலும் தலை எது கால் எதுன்னு சொல்லிருவான். இது அப்படி இல்ல. டிவி வந்த பெட்டி மாதிரி, ரெண்டு முனையும் ஒரே அகலம். சுத்தித் திருகாணி. மேல ஸ்டிக்கர். நடுவீட்டுல கொண்டாந்து இறக்கினானுவ. நான் போயி மேல விழுந்தேன். பலகைதான தம்பி. பலகையைக் கட்டிப் பிடிச்சா பிள்ளையைக் கட்டிப் பிடிச்ச மாதிரி ஆகுமா. திறங்கன்னேன்.

இவிய, திறக்கப்படாதுன்னாவ.

ஏன் திறக்கப்படாது? கவர்மெண்டு ரூல்ஸாம். முகம் எப்படி இருக்குன்னு கேட்டேன். தூங்குத மாதிரி இருக்கானாம், கூட வேலை பாத்த பையனுவ சொன்னானுவளாம். அடி பின்மண்டையில தானாம், முகத்துல ஒரு கீறல் கிடையாதாம். அப்ப திறங்க, தூங்குத பிள்ளையத் தாய் பாக்கக் கூடாதுன்னு எந்தக் கவர்மெண்டு சொல்லுச்சுன்னேன். ஊரே கூடிட்டு. பொம்பளைய எல்லாம் என் பக்கம். யாரோ ஒருத்தன் கடப்பாரையே எடுத்துட்டு வந்துட்டான். பெத்தவ கேக்கா, ஒரு நிமிசம் காட்டிட்டு மூடிருவோம்னு சொல்லிக்கிட்டே நெம்புதுக்குக் குனிஞ்சான்.

அப்ப என்ன செஞ்சாவ தெரியுமா? பெட்டி மேல ஏறி உக்காந்துட்டாவ.

ஆமா தம்பி. பெத்த மகன் பெட்டி மேல, ஊரு பாக்க, காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு, பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காருத மாதிரி. ரெண்டு கையாலயும் பலகையைப் பிடிச்சுக்கிட்டு. எந்திரிங்க எந்திரிங்கன்னு எல்லாரும் இழுக்காவ. அசையணுமே. வாயத் திறக்கணுமே. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஐயர் வந்து, வேதமாணிக்கம் அண்ணாச்சி, இறங்குங்கன்னு சொன்ன பொறவும் கடப்பாரை வெளிய போன பொறவுதான் இறங்கினாவ. அன்னைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னைக்கும் ஆறல. எம்பிள்ளை முகத்தை நான் பாக்கல. ஒண்ணரை மாசம் காத்துக்கிட்டு இருந்து, வாசலுக்கு வந்த பிள்ளையை முகம் பாக்காம அனுப்பினேன்.

பொறவு கோயில்ல ஆராதனை முடிஞ்சு தோட்டத்துக்குக் கொண்டு போனாவ. எங்க கல்லறைத் தோட்டத்து கேட்டு ஒடுக்கம், நீங்களே பாப்பிய. பெட்டியோ நீளம். நேரா நுழையல. இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, ஒரு சுத்துச் சுத்தித்தான் உள்ள கொண்டு போனானுவ. நான் பாத்துக்கிட்டேதான் நிக்கேன். முன்னால போனது பின்னால வந்துட்டு, எனக்கு நல்லாத் தெரியும். குழி பக்கத்துல ஐயர், தலைமாடு எதுன்னு கேட்டாவ. தூக்கின பையனுவ ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கான். இவியதான் ஒரு பக்கமாப் போயி நின்னு, இது கால், இதைக் கிழக்க வைங்கன்னாவ. அன்னைக்கு முழுசும் அவிய பேசினது அது ஒண்ணுதான்.

நான் சத்தம் போட்டேன். மாத்தி வைக்கிய, பெட்டி சுத்திட்டுன்னு கத்தினேன். அழுகுத பொம்பளை என்னத்தைச் சொன்னாலும் அழுகைன்னுதான நெனைப்பாவ. ரெண்டு பேரு என்னைப் பிடிச்சுக்கிட்டாவ. இறக்கியாச்சு. மண்ணு போட்டாச்சு.

அன்னைக்கு ராத்திரி கேட்டேன். உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்க என்ன பெட்டிக்குள்ள போயிப் பாத்தியளான்னு. பேசல. மறுநாள் கேட்டேன். பேசல. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, எல்லா மாசமும் கேட்டேன். எனக்குத் தெரியும் அது கால்தான்னு ஒரு தடவை சொன்னாவ. எப்படித் தெரியும்னா வாயத் திறக்க மாட்டாவ. சீக்கிரம் முடிச்சாப் போதும்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டாவ, வேற என்ன. சுவருல எம்பிள்ளை போட்டோ மாட்டியிருக்கேன் பாருங்க, பக்கத்துல நாற்காலி ஒண்ணு திரும்பிக் கிடக்குல்லா. அவிய திருப்பிப் போட்டதுதான். மகன் படத்தைப் பாத்துக்கிட்டு ஒரு வாய் சோறு திங்க முடியல, அம்புட்டுப் பாசம்.

நான் ஐயர்ட்ட போனேன். சின்ன வயசு ஐயர், நல்ல மனுசன். குழியைத் தோண்டி எம்பிள்ளையைத் திருப்பி வைங்கன்னேன். பதறிட்டாவ. தங்கபுஷ்பம்மா, ஆண்டவருக்குத் திசை தெரியும்மா, எந்தப் பக்கம் படுத்திருந்தாலும் அவரு கூப்பிடுவாருன்னாவ. ஆண்டவருக்குத் தெரியும் ஐயரே, எம்பிள்ளைக்குத் தெரியாதே, அவன் நாங்குநேரி பஸ்ஸுல ஏறினவன்லான்னேன். எல்லாரும் எழும்பிக் கிழக்க பாத்து அல்லேலூயா பாடும்போது இவன் மட்டும் மேக்க பாத்து, வேலியோரச் சவுக்கு மரத்தைப் பாத்துக்கிட்டு நிப்பான். யாராவது தோளைத் தட்டிச் சொன்னாத்தான் உண்டு. இல்ல, அவன் ஐயரா, சபையைப் பாத்துப் பிரசங்கம் பண்ணவா போறான்? ஐயருக்குச் சிரிக்கவும் முடியல, அழவும் முடியல. ஜெபம் பண்ணி அனுப்பினாவ. சொந்தப் பிள்ளையைத் தோண்டுததுக்கு தாசில்தார் வரைக்கும் போகணும்னு ஊருல சொன்னாவ. போவேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். கிறிஸ்மஸ் வந்துது, நான் நட்சத்திரம் கட்டல. புது வருசம் வந்துது, கோயிலுக்குப் போகல. இருக்கமா செத்தோமான்னு ஒரு இருப்பு தம்பி. அடுப்பு பத்த வைக்கதுக்குக் குனிஞ்சா நிமிர மனசு வராது.

பொறவு ஈஸ்டர் வந்துது.

அன்னைக்கு விடியக்காலம் எங்க சபை மொத்தமும் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போவோம். கையில மெழுகுதிரி. வெள்ளைச் சேலை, வெள்ளை வேட்டி. அவங்கவங்க வீட்டுக் கல்லறை பக்கத்துல போயி நின்னுக்கிட்டு, எல்லாரும் கிழக்க பாத்து நிப்போம். வெளிச்சம் வருத வரைக்கும் பாட்டு. சூரியன் தலை தெரிஞ்சதும் ஐயர் சத்தமா, கிறிஸ்து உயிர்த்தெழுந்தாருன்னு சொல்லுவாவ. மெய்யாவே உயிர்த்தெழுந்தாருன்னு நாங்க அத்தனை பேரும் சொல்லுவோம். எங்க சின்ன வயசுல அந்தச் சத்தம் கேட்டா மயிலெல்லாம் அகவும். செத்தவங்களுக்கு நடுவுல நின்னுக்கிட்டு, செத்தாச்சுன்னு எவன் சொன்னான்னு கேக்க சத்தம் அது. அம்புட்டுச் சந்தோசமா இருக்கும்.

நான் போக மாட்டேன்னுதான் இருந்தேன். அவிய வேட்டி கட்டிக்கிட்டு வாசல்ல நின்னாவ, வான்னு சொல்லல, போகவும் இல்ல. நின்னுக்கிட்டே இருந்தாவ. அவியளுக்காகப் போகல, ஆத்திரத்துலதான் போனேன். எம்பிள்ளையை மாத்திப் போட்டுட்டு எல்லாரும் என்ன சந்தோசம் கொண்டாடுதியன்னு பாக்கலாம்னு போனேன்.

மண்ணு மேட்டுக்கு மேக்க நின்னேன். எல்லாரும் கிழக்க பாத்தாவ, நானும் கிழக்க பாத்தேன். என் முன்னால எம்பிள்ளை. அதுக்கு அங்கிட்டு வானம். லேசா வெளுக்குது. சூரியன் வந்துது. ஐயர் சொன்னாவ, எல்லாரும் சொன்னாவ. எனக்கு வாய் வரல. அப்பத்தான் தம்பி எனக்கு அது பிடிபட்டுது. இந்தத் தோட்டத்துல இருக்க அத்தனை பேரும் கிழக்க பாத்துக் கிடக்காவ. உசுரோட நிக்கவங்களும் கிழக்க பாத்து நிக்காவ. எம்பிள்ளை ஒருத்தன்தான் மேக்க பாத்துக் கிடக்கான். தலை கிழக்க, கால் மேக்க. எழும்பி உக்காந்தான்னா எனக்கு நேரா உக்காருவான். நான் அவனைப் பாத்து நிக்கேன், அவன் என்னைப் பாப்பான். எனக்குக் காட்ட மாட்டோம்னு மூடி வச்ச அந்த முகத்தை நான் பாத்துருவேன்.

மாறிப் போகல தம்பி. ஆண்டவர் எனக்காகத் திருப்பி வச்சிருக்காரு. பெட்டியை அந்த கேட்டுல சுத்த வச்சது அவருதான். முகம் பாக்காம அனுப்பினியே மகளே, அவன் எழும்புத அன்னைக்கு முதல்ல நீ பாத்துக்கோன்னு வச்சிருக்காரு.

மெய்யாவே உயிர்த்தெழுந்தாருன்னு அப்பத்தான் சொன்னேன். எல்லாரும் சொல்லி முடிச்ச பொறவு ஒத்தையா, சத்தமாச் சொன்னேன். திரும்பிப் பாத்தாவ. பாக்கட்டும். வீட்டுக்கு வந்து கறி வச்சேன். எவ்வளவோ மாசத்துக்குப் பொறவு மசாலா அரைச்சு, தேங்காப்பால் எடுத்து. அவியளுக்குப் பரிமாறிக்கிட்டே சொன்னேன். இனித் தோண்ட வேண்டாம், திருப்ப வேண்டாம், அவன் என்னைப் பாத்துத்தான் கிடக்கான், அவனுக்கு மேக்க ஒட்டின இடத்தை எனக்குக் கேட்டு வாங்குங்க, என்னை எல்லாரையும் மாதிரிக் கிழக்க பாத்து வைங்க, நாங்க ரெண்டு பேரும் எதிரும் புதிருமா எழும்புவோம்னு சொன்னேன். எம்புட்டு நாளைக்குப் பொறவு சிரிச்சுச் சொன்னேன் தெரியுமா. அவிய என் மூஞ்சியையே பாத்தாவ. ஆமான்னு சொல்லல, இல்லன்னும் சொல்லல. கைய கழுவிட்டுப் பின்னால போயிட்டாவ. மனுசனுக்கு ஒரு சந்தோசத்துல கூடப் பங்கு கிடையாது.

நானே ஐயர்ட்ட போயி இடத்தைக் கேட்டு வாங்கிட்டேன். இவிய உங்க பட்டறைக்கு வந்து கல்லு சொல்லியிருக்காவ. வருசம் திரும்புததுக்குள்ள சிலுவை வைக்கணும், நல்லதுதான். ஆனா தலைமாடு மேக்கன்னு சொல்லியிருக்காவ பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல. சிலுவை தலைமாட்டுலதான நிக்கணும். கிழக்க வைங்க தம்பி. நாளைப்பின்ன யாரு வந்து பாத்தாலும், இவன் அம்மாவைப் பாத்துக் கிடக்கான்னு தெரியணும். அவியட்ட நான் சொல்லிக்கிடுதேன்.

என்ன தம்பி, மோரைக் குடிக்காமக் கையில வச்சுக்கிட்டே இருக்கிய.

தப்பா வைக்க மாட்டியளா? யாரு தப்புன்னு சொன்னா? அவிய சொன்னா வேதவாக்கா?

அவிய உங்கட்ட என்ன சொன்னாவ? எங்க வீட்டுக்காரவிய முன்னபின்ன தெரியாதவங்கட்ட உக்காந்து பேசினாவளா. நம்புத மாதிரிச் சொல்லுங்க.

சரி. பையன் படத்தைக் கல்லுல கொத்தவான்னு நீங்க கேட்டிய. சரி. முகம் வேண்டாம்னாவளா. போட்டோ குடுத்தா அச்சு அசலாக் கொத்திரலாம்னு சொன்னிய. சரி. அந்த நாட்டுப் பெட்டின்னா தலைமாடு மாறிப் போயிருக்கும், நல்லா விசாரிச்சுச் சொல்லுங்கன்னும் சொன்னிய. அதுக்கு?

திருப்பிச் சொல்லுங்க. எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும். திருப்பிச் சொல்லுங்க.

ஆரல்வாய்மொழி தாண்டியா. ஆம்புலன்ஸை ஓரமா நிறுத்தச் சொல்லி, டிரைவரை டீ குடிக்க அனுப்பிட்டாவளா. ஆமா, திருகாணி கழட்டுத திருப்புளி எப்பவும் அவிய சட்டைப் பையில கிடக்கும். சைக்கிள் கடைக்காரவியல்லா. ஊருக்குப் போனா அவ திறக்கச் சொல்லுவா, முதல்ல நாம பாத்துருவோம்னா பெட்டியைத் திறந்தாவ?

முகம் இல்லியா.

இல்ல தம்பி, சொல்லாதிய. அதைச் சொல்லாதிய. அவிய எனக்குச் சொல்லாததை நீங்க சொல்ல வேண்டாம். தண்ணி குடிச்சுக்கிடுதேன், இருங்க.

காலைப் பாத்துத்தான் எம்பிள்ளைன்னு தெரிஞ்சுதா. ஆமா, பெருவிரலை விட அடுத்த விரல் நீளம், அப்பாவுக்கு இருக்கத மாதிரியே. பிறந்த அன்னைக்கு அதைத்தான் எல்லாருக்கும் காட்டிக்கிட்டுத் திரிஞ்சாவ. திரும்ப மூடித் திருகாணியை முடுக்கிட்டு, கால் இருக்க இடத்துல பலகை மேல கையை வச்சுக்கிட்டே ஊரு வரைக்கும் வந்தாவளா. அந்த கேட்டுல பெட்டியைச் சுத்தினப்பவும் கையை எடுக்கலன்னா சொன்னாவ. அது நெசம். அவிய கை பெட்டி மேல இருந்ததை நான் பாத்தேன் தம்பி. இந்தக் கண்ணால பாத்தேன். தடுமாறுதாவ, பிடிமானத்துக்குப் பிடிச்சிருக்காவன்னு நெனச்சேன்.

அப்ப மேக்கதான்.

அப்ப அவன் எல்லாரையும் மாதிரி ஒழுங்காத்தான் கிடக்கான். ஆண்டவரைப் பாத்து. நான் மேக்க கிடந்தா எனக்கு அவன் முதுகுதான்.

என்னையப் பாக்காதிய தம்பி. அழுதுக்கிடுதேன் விடுங்க, இத்தனை மாசமும் நான் அவன் செத்ததுக்கு அழல, திசைக்குத்தான் அழுதிருக்கேன். என்ன பேச்செல்லாம் பேசியிருக்கேன். நெஞ்சுக்குள்ள இருக்கது சதையா கல்லான்னு கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. சொல்லியிருந்தா அடுத்த வார்த்தை நான் என்ன கேப்பேன்? முகம் எப்படி இருந்துதுன்னு கேப்பேன். விட மாட்டேன். தூங்குத மாதிரின்னு ஒரு தடவை சொல்லிட்டாவ, அதை மாத்தாமக் காப்பாத்தணும்னா வாயை மூடிக்கிட்டு இருக்கதைத் தவிர வேற வழி இல்ல. அதுக்குத்தான் பெட்டி மேல ஏறி உக்காந்திருக்காவ. ஊரு காறித் துப்பினாலும் பரவாயில்லன்னு. ஈஸ்டர் அன்னைக்கு நான் சிரிச்சுக்கிட்டுச் சொன்னப்பகூட, இல்லட்டி, அவன் அந்தப் பக்கம் பாத்துக் கிடக்கான்னு சொல்ல அவியளுக்கு மனசு வரலியே. அந்தக் கறியை எப்படித்தான் தின்னாவளோ.

எனக்காவது அவன் முகம் இருக்கு தம்பி. ஏர்போர்ட்டுல கண்ணாடிக்கு அங்கிட்டு நின்னு சிரிச்சான், பல்லு அம்புட்டும் தெரிய. கண்ணை மூடினா எனக்கு அதுதான் வருது. அவிய கண்ணை மூடினா என்ன வரும்? நாற்காலியைத் திருப்பிப் போடாம என்ன செய்வாவ.

ஆனா ஒண்ணு. அது அப்படியே இருக்காது. குழி பக்கத்துல நின்னு ஐயர் அதைத்தான் வாசிச்சாவ, அன்னைக்கு என் காதுல ஏறல. விதைக்கது ஒண்ணு, முளைச்சு வாரது வேற ஒண்ணு. உடைஞ்ச கொட்டையப் புதைச்சாலும் வாரது முழு மரமாத்தான் வரும். அவன் முழுசா எழும்புவான். ஒரு கீறல் இருக்காது. அவிய என்ட்ட சொன்னது பொய்யே இல்ல தம்பி, அன்னைக்கு அதுதான் நெசமாகும். தூங்கி எழும்புன மாதிரி எழும்புவான்.

வாங்க போவோம். அவிய விடியக்காலம் வெறும் வயித்தோட போனவிய. இந்தத் தூக்குச்சட்டியில நாலு இட்டிலி வச்சிருக்கேன், வண்டியில வச்சுக்கிடுங்க. சிலுவையை மேக்கயே நடுங்க, அவிய சொன்ன இடத்துல. நீங்க சொன்னதா மட்டும் காட்டிக்கிடாதிய. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, காப்பாத்தி வச்சதெல்லாம் போச்சேன்னு உடைஞ்சு போயிருவாவ. மனசு மாறிட்டேன்னு சொல்லிக்கிடுதேன். நம்புவாவ. நான் ஒரு நாளைக்கு நாலு தடவை மாறுதவதான்.

போற வழியில ஐயர் வீட்டுல ஒரு நிமிசம் வண்டியை நிறுத்துங்க. கிதியோனுக்குக் கிழக்க, அவன் கால்மாட்டுல ஒரு இடம் காலியாத்தான் கிடக்கு. அதை அவியளுக்குக் கேக்கணும். மேக்க நான் வாங்கினது எனக்கே இருக்கட்டும். எக்காளம் ஊதும்போது அவிய எழும்பி ஒரு தடவை திரும்பிப் பாத்தாப் போதும், பிள்ளை எதுக்க நிப்பான், முழு முகத்தோட. அந்த ஒரு நிமிசம் ஆண்டவருக்கு முதுகைக் காட்டினதுக்கு அவரு கோவிச்சுக்கிட மாட்டாரு, அவரும் பிள்ளையைக் குடுத்தவருதான. பிள்ளை முகத்தை முதல்ல அவியளே பாக்கட்டும். நான் பின்னால நின்னுக்கிட்டு, அவன் தோளுக்கு மேல அவிய முகத்தைப் பாத்துக்கிடுதேன்.